அடித்தல் திருத்தல் இல்லாத புத்தகம்

"முன்னெல்லாம் கச்சேரியில இப்பிடிக் கை நீட்டுனாங்களாப்பா..."

"நீட்டுனாங்க, உன் கண்ணுக்குத் தெரில. சூசைநாதன் காலத்துலயே..."

"அவரு சாமி மாதிரி மனுசன், அவர இழுக்காத..."

"சாமிக்குப் படையல் கொல்லப்பக்கமாப் போச்சுடா, அவ்வளவுதான்."

அந்த ஜன்னலைச் சற்றுச் சாத்திவிட்டு என் வாக்குமூலத்தை எழுதுங்கள், ஐயா. மதகுக்காரன் மாரிமுத்துவும் வண்டிக்கார அந்தோணிசாமியும் காலையிலிருந்து இதே சண்டைதான். எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவர்கள் என்னை மறந்துவிட்டு, லஞ்சம் வளர்ந்துவிட்டதா, வெளியே தெரிகிறதா என்று மல்லுக்கு நிற்கிறார்கள்.

பதில் எனக்குத் தெரியும். பிரெஞ்சு சர்க்காரின் ஊர் ஆபீஸில், கொம்யூன் கச்சேரியில், பிறப்பு இறப்பு எழுதும் வேலையில் பதினெட்டு வருஷம் இருந்தேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த சூசைநாதன், கச்சேரிக்குள் ஒரு வெற்றிலைகூட வாங்கமாட்டார். எல்லாம் அவர் வீட்டுக் கொல்லைப் படலைத் திறந்துகொண்டு போகும். அவருக்கு உதவியாளாக இருந்த நான்தான் சுமந்துகொண்டு போவேன். எனக்கு ஒளிவுமறைவு பிடிக்காது. நாற்காலி எனக்கு வந்ததும் மேசைமேலேயே வாங்கினேன். பூசணி என்றால் பூசணி, நெல் என்றால் நெல். அளவு கூடவில்லை ஐயா, வெளிச்சம்தான் கூடியது. அதற்குப் போய் ஊர் என்னைக் காறித் துப்பியது.

ஆனால் புத்தகத்தில் நான் சுத்தம். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு நீதிபதி கையெழுத்து வைத்த புத்தகம் அது. இரண்டு பிரதி. வருஷக் கடைசியில் ஒன்று புதுச்சேரிக்குப் போகும். பதினெட்டு வருஷத்தில் ஒரு அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது. துரைமார்களே அதைக் காட்டி மற்றவர்களைத் திட்டியிருக்கிறார்கள்.

ஐப்பசியில் சுப்பராயலு வந்தான். செத்துப்போன அண்ணனின் பெண்சாதி தனக்கொடியும் காய்ச்சலில் போய்விட்டாள், எழுதுங்கள் என்றான். கூட இரண்டு சாட்சி, இரண்டு மூட்டை சீரகச் சம்பா. அவள் பண்டசோழநல்லூரில் தாய் வீட்டில் இருப்பது எனக்குத் தெரியும். அண்ணன் விட்டுப்போன நன்செய்மேல் இவனுக்குக் கண் என்பதும் தெரியும். தாய் வீடு போனவள் திரும்பி வரமாட்டாள் என்று நினைத்து எழுதினேன்.

மார்கழி பிறந்ததும் வந்து நின்றாள். கச்சேரியில் வேறு ஆள் இல்லாத மத்தியானம். இடுப்பில் கால் கட்டிய கோழி ஒன்று.

"இன்னா சாமி, நான் செத்துட்டனாமே? நெலத்துல கால் வெச்சா, செத்தவளுக்கு இன்னாடி நெலம்னு எங் கொழுந்தன் தொரத்துறான். எதுலதான் செத்தேன்?"

காய்ச்சலில் என்றேன்.

"எனக்குத் தலவலிகூட வந்ததில்ல. அத அடிச்சிட்டு என்ன உசுரோட எழுதுங்க."

கோழியை மேசைமேல் வைத்தாள். நான் திருப்பிக் கொடுத்தேன். என் உத்தியோகத்தில் அதுதான் முதல் தடவை. எழுதியதை அடிக்க முடியாது என்றேன். அப்படியென்றால் புதுச்சேரிக்கு நடந்தே போய் நீதிபதி முன்னால் நிற்பேன் என்றாள். குரலை உயர்த்தவில்லை. போய்விடுவாள் என்று தெரிந்தது.

டிசம்பர் முடிந்து புத்தகம் புதுச்சேரிக்குப் போக இரண்டு வாரம்தான் இருந்தது. புத்தகத்தில் செத்தவள் ஒருத்தி, வெளியே உயிரோடு ஒருத்தி. இரண்டில் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். புத்தகத்தைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை.

உன் கொழுந்தனிடம் நாட்டாமை ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏரிக்கரை வழியாகப் போய்ப் பார்க்கலாம் வா என்றேன். நம்பி வந்தாள். நல்ல மழை பெய்த வருஷம், ஏரி தளும்பிக் கிடந்தது. மதகு தண்ணீரை எப்படி உள்ளே இழுக்கிறது பார் என்று காட்டினேன். கோழியைக் கரையில் இறக்கிவிட்டுக் குனிந்தாள். முதுகில் கை வைத்தேன். என் குடையின் நுனி அவள் பிடியில் சிக்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு குடையை விட்டுவிட்டேன்.

மறுநாள் மதகில் சிக்கிய உடலை மாரிமுத்து எடுத்து, அந்தோணிசாமியின் வண்டியில் ஏற்றிக் கச்சேரி வாசலுக்குக் கொண்டுவந்தான். தனக்கொடி செத்துட்டா, எழுதுங்க சாமி என்றான். முடியாது, அவள் ஐப்பசியிலேயே செத்துவிட்டாள், ஒருத்தியை இரண்டு தடவை எழுதச் சட்டத்தில் இடமில்லை என்றேன். சரியாகத்தான் சொன்னேன். அந்தோணிசாமி வண்டியை விட்டு இறங்கி என் முகத்தைப் பார்த்தான். பிறகு, அவள் விரல்களைப் பிரித்து எடுத்த குடை மாரிமுத்து கையில் இருந்ததைப் பார்த்தான். தினமும் என் தலைக்குமேல் ஆணியில் தொங்கும் குடை. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தள்ளியது நான்தான். அதில் எனக்கு மறுப்பு இல்லை. வெளியே அவர்கள் என்னை லஞ்சக்காரன் என்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. கோழி கால் கட்டோடு கரையிலேயே கிடந்தது. நான் அதைத் தொடவில்லை.

அன்றைக்குச் செய்த வேலைக்கு நான் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.