டவல் ராடுக்கு ஒரே ஒரு ஓட்டை

இல்ல, நீங்களே சொல்லுங்க சார்… கடைல அட்டையக் காட்டும்போது கடல் பச்சை. கொண்டாந்து செவுத்துல அடிச்சா ஆஸ்பத்திரி பச்சை! இது என் தப்பா, கடைக்காரர் தப்பா? அட, உள்ள வாங்க சார், பாத்ரூம் வாசல்ல நின்னு என்ன யோசனை. செருப்பெல்லாம் கழட்ட வேணாம். கீழ்வீட்டுக்குப் புதுசா வந்தவர்தானே நீங்க? போன வாரம் மாடிப்படில கட்டிலத் தூக்கிட்டுத் திணறினீங்களே, பாத்தேன். ஒரு கை குடுக்கலாம்னு நெனச்சேன்… நெனச்சேன் சார், எனக்கு அதுவே பெரிசு.

இப்பவும் கை குடுக்கலன்னு தப்பா எடுத்துக்காதீங்க. வலது கை செவுத்துல இருக்கு. சும்மா… சாஞ்சு நிக்கறேன். ஒரு ஸ்டைல்.

ஆங், எங்க விட்டேன்? பச்சை. அத விடுங்க. இந்த ரூமப் பாருங்க, ஆறடிக்கு நாலடி. ரெண்டு பேர் நின்னா ஒருத்தர் இழுத்த மூச்ச இன்னொருத்தர்தான் விடணும். இதுல இடுப்பு வரைக்கும் பேனல், மேல பெயின்ட். வீடியோல ஒருத்தர் பதினோரு நிமிஷத்துல முடிச்சிட்டார் சார். வெள்ளைச் சட்டை வேற! ஒரு பொட்டுக் கறை இல்ல. எனக்கு மூணு நாள். பட்டி பூசு, காய விடு, உப்புத்தாள் போட்டுத் தேய்… தேய்ச்ச பவுடரோட கண்ணாடியப் பாத்தேன், தலையெல்லாம் வெள்ளை, அறுபது வயசு. எனக்கு நானே எந்திரிச்சு நின்னு வணக்கம் சொல்லிட்டேன்.

பேனல் பின்னாடி காகிதத்த உரிச்சு ஒட்டினா போதும், அவ்வளவுதான்னாங்க. உரிச்சேன். மொத பேனல் செவுத்துக்குப் போறதுக்கு முன்னாடி என் பனியன்ல ஒட்டிடுச்சு. இழுத்தா வரல. கடைசில பனியன விட்டுட்டு நான் மட்டும் வெளிய வந்தேன். அந்த மூலைல லேசா உப்பலா தெரியுதே… அதேதான். கேட்டா டிசைன்னு சொல்லிடலாம்.

யார் கேப்பாங்களா? எங்கப்பா சார்! கட்டட வரைபடம் போடறவர், எப்பவும் காதுல பென்சிலோட அலைவார். நான் காலேஜ ரெண்டாம் வருஷத்துல விட்டேன், கிடாரு கிளாஸ பாதில விட்டேன், டிரைவிங்க ரிவர்ஸ்ல விட்டேன். போன வாரம் சாப்பிடறப்ப சொன்னார், "டேய், நீ முடிச்ச ஒரு காரியம் காட்டு, உன்ன நான் எதுவும் கேக்க மாட்டேன்"னு. நான் அவசரத்துல பாத்ரூம்னுட்டேன். வாயில வந்துடுச்சு! "சரி, நாங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு வர்றோம். அடுத்தவன் கை படாம முடிச்சிருக்கணும். இல்லன்னா திங்கக்கெழம காலைல சித்தப்பா குடோன்ல நிக்கணும்"னார்.

சித்தப்பா குடோனப் பாத்திருக்கீங்களா? சிமென்ட் மூட்டை. அவர் தும்மினாலே தளம் போட்டுடலாம்.

மணி என்ன சார் இப்ப? நாலே காலா… ஐயோ.

ஆமா, உங்க தோள்ல என்ன, ஈரம்? தலைலயும்? குளிச்சிட்டு வந்தீங்களா? சட்டையோடயா?

ஓ.

உங்க கூரைலேருந்தா.

கோவப்படாதீங்க சார். அண்ணே! அண்ணன்னு கூப்பிடறேனே. மறைக்க மாட்டேன். நான் சாஞ்சு நிக்கல. இந்தக் கட்டைவிரல் குழாய்ல இருக்கு. டவல் ராடுக்கு ஒரே ஒரு ஓட்டை போட்டேன், தண்ணி பீச்சி அடிச்சுது பாருங்க, எதிர் செவுத்துல பெயின்ட் இன்னும் காயவே இல்ல! பாஞ்சு அடைச்சேன். நாப்பது நிமிஷமா இப்படியே நிக்கறேன். போன் ஹால்ல அடிக்குது, மூக்கு அரிக்குது, நீங்க வர்ற வரைக்கும் பல்லிகிட்டதான் பேசிட்டிருந்தேன்.

வால்வா? இந்த ரூமுக்குன்னு ஒண்ணு இருந்துது… இருக்கு. அந்த மூணாவது பேனலுக்குப் பின்னாடி. துருத்திட்டு அசிங்கமா இருக்கேன்னு கைப்பிடியக் கழட்டிட்டு மேல ஒட்டிட்டேன். நல்லா ஒட்டிருக்கு அண்ணே, அது ஒண்ணுதான் நல்லா ஒட்டிருக்கு.

மொட்டை மாடில இன்னொண்ணு இருக்கு. ஆனா எது எங்களுதுன்னு எனக்குத்தான் தெரியும், ஏழு கெடக்கு அங்க. அதனால அண்ணே… ரெண்டே நிமிஷம். உங்க விரல இங்க… பயப்படாதீங்க, கடிக்காது. இன்னும் கொஞ்சம் மேல. என் விரல எடுக்கும்போதே உங்களுது வந்துடணும். ஒண்ணு, ரெண்டு… ஆஹா! என்ன விரல் அண்ணே! அளவெடுத்தாப்ல இருக்கு.

அப்பாடா. என் விரலப் பாருங்க, ஊறிப் போயி கெழவன் விரல் மாதிரி ஆயிடுச்சு.

இப்ப ஒரு உண்மை சொல்றேன், அசையாதீங்க. தண்ணி வெளிய வர வழியில்லன்னா செவுத்துக்குள்ளயேதான எறங்கும்? அதாவது நான் எவ்வளவு நல்லா அழுத்தினேனோ, அவ்வளவும் உங்க கட்டில் மேல… எடுக்காதீங்க எடுக்காதீங்க! எடுத்தா என் பெயின்ட் போச்சு!

யாரா? இந்த எடத்துல குழாய வெச்சது யாருன்னு கேக்கறீங்களா? அதத்தான் நானும் கட்டினவன வாயில வந்தபடி திட்டிட்டிருந்தேன். ஆனா… எங்கப்பா ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டு, "குழாய் போகும் பாதை, துளையிடாதே"ன்னு அம்புக்குறியோட எழுதி வெச்சிருந்தார் அண்ணே. அச்சடிச்ச மாதிரி கையெழுத்து. செவுரு கிறுக்கலா இருக்கேன்னு மொத நாளே நான்தான் ரெண்டு தடவ பிரைமர் அடிச்சு மறைச்சேன். மறைச்சிட்டு சரியா அந்தக் கோட்டு மேலயே ஓட்டை! அவ்வளவு துல்லியமா நான் வாழ்க்கைல எதையும் செஞ்சதில்ல.

மொறைக்காதீங்க, இதோ ஓடறேன். மாடிக்கு ஏறினதும் மூடிடு…

அப்பா! வாங்கப்பா… அஞ்சு மணின்னீங்க? அம்மா, பைய நான் வாங்கிக்கறேன் குடுங்க. முடிஞ்சுதுப்பா, எல்லாம் முடிஞ்சுது, கண்ணால பாத்தா நம்ப மாட்டீங்க. ஐயோ, இப்ப உள்ள போகாதீங்கப்பா! ஆள் இருக்கு. கீழ்வீட்டு அண்ணன். வந்த எடத்துல அவசரம் போல, நான் என்ன பண்ண முடியும்? நீங்க உக்காருங்க, காபி குடிங்க, நான் மாடி வரைக்கும் போயிட்டு வந்துடறேன். கதவ மட்டும் தட்டிடாதீங்க… பாவம், அவரால இப்ப எந்திரிச்சு வர முடியாது.