பதினேழாம் எண் ஊழியருக்கு வந்த கடிதம்

வயதுக்கு மரியாதை உண்டென்று இந்த ஒரு மேடையிலாவது மெய்ப்பித்து அமர்ந்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே! முன்வரிசையை நிரப்பியிருக்கும் மூத்தோர்களே! கணவனுக்கோ மகளுக்கோ துணையாக வந்து, "எவன்டா எங்க வீட்டு ஆளுக்கு வேலை தெரியாதுன்னு சொன்னது?" என்ற கேள்வியைக் கண்ணிலேயே வைத்திருக்கும் தாய்மார்களே! கையில் கோப்போடு சுவரோரம் நிற்கும் வழக்கறிஞர் அம்மையார் அவர்களே! நாற்பத்தைந்தைத் தாண்டிய மாபெரும் குற்றத்துக்காக ஒரே காலையில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட என் அறுபது சக குற்றவாளிகளே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கதவுக்காரனின் கனிவான வணக்கம்.

கதவுக்காரன் என்றால் மரவேலை செய்பவன் என்று நினைத்துவிடாதீர்கள். நம் மென்பொருள் நிறுவனத்தின் ஐந்து மாடிகளிலும் அட்டையைக் காட்டினால் திறக்கும் கதவுகள் உண்டல்லவா? அவற்றை இயக்கும் நிரலை எழுதியவன் நான். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தக் கதவுகளைத் திறந்துவிட்டேன். கடைசியில் எனக்கும் ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள், வெளியே போக!

நிறுவனத்தை நான் திட்டுவேன் என்று ஆவலோடு வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் பாராட்ட வந்திருக்கிறேன்! எத்தனை கண்ணியம், எத்தனை கனிவு, எத்தனை கருணை! வயதைப் பார்த்தா அனுப்பினார்கள்? சேச்சே! அனுபவம் அழுக்கு என்றார்களா? ஆண்டுகள் அவமானம் என்றார்களா? ஒரு வார்த்தை சொல்லவில்லையே! "தங்கள் தனிப்பட்ட பணித்திறனை மூன்று மாதங்கள் ஆராய்ந்தோம்" என்றல்லவா எழுதினார்கள்? ஆராய்ந்து பார்த்ததில், திறமை இல்லாத அறுபத்தொரு பேருக்கும் நாற்பத்தைந்துக்கு மேல் ஆகியிருந்தது. தற்செயல், தாய்மார்களே, தற்செயல்!

என்ன ஐயா? பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரிக்காதீர்கள், சிரித்தால் சுருக்கம் தெரியும். அதையும் குறித்துக்கொள்வார்கள்.

அன்று காலை ஒன்பது மணி. என்னைக் கணினித் திரையில் அழைத்தவர் மனிதவள அதிகாரி. என் மகள் வயதுதான். "அங்கிள், இது உங்களைப் பத்தின முடிவு இல்ல, பொசிஷனைப் பத்தின முடிவு" என்றார். என்னைப் பற்றியதில்லை என்றால் ஏனம்மா என்னைக் கூப்பிட்டாய் என்று கேட்க வாயெடுத்தேன். நாலு நிமிடத்தில் திரை கறுத்துவிட்டது. கைப்பேசிக்குக் கடிதம் வந்தது. புதிய சூழலுக்கு ஏற்ப என்னை மாற்றிக்கொள்ளத் தயங்குகிறேனாம். குழுவோடு மனம்விட்டுப் பேசுவதில்லையாம். சுறுசுறுப்பு குறைந்துவிட்டதாம்.

இப்போது ஓர் உண்மையை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்தக் கடிதத்தை நான் நம்பினேன். ஏழெட்டு முறை படித்தேன், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிகமாக நம்பினேன். போன மாதம் ஒரு கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருந்தோமே, அதைத்தான் சொல்கிறார்களோ என்று சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து என்னை நானே விசாரித்துக்கொண்டிருந்தேன். இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் அப்படி உட்கார்ந்தீர்கள்? கையைத் தூக்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

என் மனைவி கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தாள். பார்த்தவள் முகம் மாறியது.

"என்னங்க, இன்னொரு லெட்டரும் வந்திருக்கே. 'மதிப்புக்குரிய கதவு அவர்களுக்கு'ன்னு போட்டிருக்கு. யாருங்க இது?"

அவையோரே, அதுதான் பதினேழாம் எண் ஊழியர்! அந்த வரலாற்றைக் கேளுங்கள். நிறுவனம் தொடங்கிய புதிதில், ஊழியர் அல்லாத எதையும் எங்கள் கணினிப் பதிவேடு ஏற்றுக்கொள்ளாது. எல்லாக் கதவுகளையும் இயக்கும் கதவுப் பெட்டியைச் சேர்த்தாக வேண்டும். என்ன செய்வது? அதையும் ஓர் ஊழியராகவே பதிந்துவிட்டேன். பெயர், கதவு. எண், காலியாகக் கிடந்த பதினேழு. தொடர்புக்கு என் மின்னஞ்சல். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நம் தொழிலில் 'அப்புறம்' என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாதா? இருபத்திரண்டு ஆண்டுகள்!

அந்தக் கதவையும் மூன்று மாதங்கள் ஆராய்ந்திருக்கிறார்கள், தோழர்களே! தனிப்பட்ட முறையில்! குழுவோடு அது மனம்விட்டுப் பேசவில்லையாம்! புதிய சூழலுக்கு ஏற்ப மாறத் தயங்கியதாம்! நாள்தோறும் நாலாயிரம் முறை திறந்து மூடிய கதவுக்குச் சுறுசுறுப்பு போதவில்லையாம்!

என் மனைவி இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். "அட, ஒரு எழுத்துகூட மாறலையே. உங்களுக்கும் கதவுக்கும் ஒரே கொறையா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் ஐயா எனக்கு உயிர் வந்தது.

அடுத்த இரண்டு நாளில்தான் உங்களுக்கெல்லாம் போன் போட்டேன். என் எண் இருபத்து மூன்று; உங்கள் எண்களையும் கேட்டுக் கேட்டு எழுதினேன். ஒருவருக்காவது இருநூறுக்கு மேல் எண் இருந்ததா? ஆராய்ச்சியும் இல்லை, அளவுகோலும் இல்லை. சின்ன எண் என்றால் பழைய ஆள், பழைய ஆள் என்றால் வயதான ஆள் என்று ஒரே வெட்டு! வெட்டிய வேகத்தில் கதவின் பதிவும் போய்விட்டது.

கடிதம் வந்த அன்றே பத்தரை மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது. அதே மனிதவள அதிகாரி. கண்ணாடி அறைக்குள் நாலு பேரோடு மாட்டிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், எந்தக் கதவும் திறக்க மாட்டேங்குது!"

"அதுக்குக் காலையிலதானேம்மா லெட்டர் குடுத்தீங்க."

"ப்ளீஸ் அங்கிள், விளையாடாதீங்க. மூச்சு முட்டுற மாதிரி இருக்கு."

விளையாடவில்லை நான். உள்ளே இருப்பவர்கள் மனிதர்கள் அல்லவா? "கதவு நிலைக்கு வலப்பக்கம் பச்சைப் பெட்டி இருக்கும்மா. அதோட கண்ணாடியை உடைச்சு உள்ள இருக்கிற பொத்தானை அழுத்து. பயப்படாதே, நான் லைன்லயே இருக்கேன்" என்றேன். கதவு திறந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே நன்றி சொன்னாள். மாலையில் நிறுவனத்தின் நன்றியும் வந்தது: ஒரு வாரக் கெடு, அது முடியும் நாளை மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் அனுபவச் சான்றிதழ் கிடையாது!

எதற்குக் கையெழுத்து? திறமை குறைவால் விலக்கப்பட்டேன், அதை ஏற்கிறேன், நீதிமன்றம் போகமாட்டேன் என்பதற்கு! அப்படி ஒப்புக்கொண்டு வாங்கிய சான்றிதழை நீட்டினால் அடுத்த இடத்தில் எவர் நம்மை உள்ளே விடுவார்? சான்றிதழ் இல்லாமலும் எவர் விடுவார்? அதனால்தான் உங்களில் பலர் பையில் அந்தத் தாளோடும் பேனாவோடும் வந்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் பையிலும் அது இருக்கிறது.

ஆனால் அதன் பக்கத்தில் இன்னொரு தாளும் இருக்கிறது. இதோ! கதவுக்கு வந்த கடிதம். ஆராய்ந்தோம் என்பது பொய் என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி இல்லை என்கிறார் வழக்கறிஞர் அம்மையார். ஆனால் நாம் கையெழுத்துப் போட்டுவிட்டால், சாட்சி இருக்கும், வழக்குப் போட ஆள் இருக்காது. அறுபத்தொரு பேரும் சேர்ந்து நின்றால், அந்தச் சான்றிதழையும் நீதிமன்றத்தில் கேட்டு வாங்கலாம் என்கிறார்.

நமக்கு வேலை தெரியும். தெரியும் என்பதை நாமே மறந்துவிடும்படி எழுதினார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், கைதட்டிக் கைவலித்த உங்களுக்கும் நன்றி. என்ன அம்மா? நான் என்ன செய்யப் போகிறேன் என்றா கேட்கிறீர்கள்? இறங்கும் முன் சொல்லிவிடுகிறேன். பதினேழாம் எண் ஊழியர் இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை. இருபத்து மூன்றாம் எண் ஊழியனும் போடப் போவதில்லை. வணக்கம்!