அறுபத்தொன்றாம் இருக்கை

அம்மையீர்,

நான் எழுதும் கணினி நிரல்துண்டுகள் பத்து வரியைத் தாண்டுவதில்லை. இணையதளம் கட்டுகிறவர்கள் எடுத்து ஒட்டிக்கொள்ளவும், கட்டியதைச் சோதித்துப் பார்க்கவும் உதவுபவை. ஒவ்வொன்றுக்கும் எண்ணும் தேதியும் போட்டு வைப்பேன். பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் எங்கள் அலுவலகத்தில் ஏழு வருடமாக எல்லோரும் அவற்றைத்தான் பயன்படுத்தினார்கள். எண் தெரிந்தால் போதும், யாரும் திறந்து பார்ப்பதில்லை.

என்னோடு வேலை செய்யும் ஜெனலினை நீங்கள் காவலில் வைத்திருக்கும் வழக்கில், நீங்கள் விசாரித்த துண்டின் எண் 114. எதிர்த் தீவுக்குப் போகும் படகுகளுக்குச் சீட்டு விற்கும் தளத்துக்காக எழுதியது. ஒவ்வொரு சீட்டுக்கு முன்பும் தளம் துறைமுகக் கணினியிடம் இடம் இருக்கிறதா என்று கேட்கும். சோதனையின்போது துறைமுகத்தைத் தொந்தரவு செய்ய முடியாது. அப்போது 114 குறுக்கே நின்று, எத்தனை முறை கேட்டாலும் இடம் இருக்கிறது என்று பதில் சொல்லும். சோதனை முடிந்ததும் அதை ஒதுங்க வைக்க உள்ளே ஒரு வரி உண்டு.

தளத்தின் பொறுப்பு எனக்கு வரும் என்றிருந்தேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவளான ஜெனலினுக்குக் கொடுத்தார்கள். அவளுக்கு நான் மனோங், அண்ணன்; எனக்கு அவள் இன்டாய், தங்கை. வெளியீட்டு நாளில் அவள் ஒரு தட்டு நிறைய பன்சிட் கொண்டுவந்தாள்.

“மனோங், நூடுல்ஸை அறுக்காம சாப்பிடுங்க. என் தளத்துக்கு ஆயுசு கெட்டியா இருக்கணும்.”

“உன் தளமா?”

“சரி, நம்ம தளம். மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க, பன்சிட் ஆறிடும்.”

சாப்பிட்டேன். பிறகு 114-ஐ ஒதுங்க வைக்கும் அந்த ஒரு வரியை நீக்கினேன். படகுத்துறையில் இடம் கிடைக்காத பத்துப் பேர் சத்தம் போடுவார்கள், அவள் தலைகுனிவாள் என்று மட்டுமே நினைத்தேன்.

மறுநாள் தீவில் திருவிழா. மூன்று மணிப் படகில் அறுபது இருக்கை. பதினொன்றரைக்கே நூற்றுமூன்று சீட்டு விற்றிருந்தது. ஜெனலின் என் மேசைக்கு வந்தாள்.

“மனோங், எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகுதே. உங்க துண்டுல ஏதாச்சும் கோளாறா?”

“அது சோதிக்கிறப்ப நாம போட்ட பொய்ச் சீட்டு, இன்டாய். தானா அழிஞ்சிடும்.”

“அப்பாடா.”

அவள் போனதும், அவள் தவறு என்று மேலாளரிடம் காட்டுவதற்காகத் திரையைப் படமெடுத்துக்கொண்டேன். அந்த வரியைத் திரும்பப் போட ஒரு நிமிடம் ஆகும். துறைக்குத் தொலைபேசியில் சொல்ல இரண்டு நிமிடம். எண் இன்னும் கொஞ்சம் பெரிதானால் படம் எடுப்பாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

சீட்டு வைத்திருந்தவர்களைத் திருப்பி அனுப்பத் துறையில் யாருக்கும் தைரியம் வரவில்லை. நூற்று முப்பத்தெட்டுப் பேர் ஏறினார்கள். படகு பாதி வழியில் கவிழ்ந்தது. நாற்பத்திரண்டு உடல்கள் கிடைத்தன.

அறுபதுக்கு மேலே விற்ற, படகில் இல்லாத இருக்கைகளின் எண்கள் எனக்கு இப்போது மனப்பாடம். 61 அனலின், எட்டு வயது. 62 அவள் அப்பா. பட்டப்பகலில் நான் எந்த அறைக்குள் போனாலும் அவர்கள் இருக்கிறார்கள். நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கின்றன. உட்காரச் சொல்கிறேன். உடையிலிருந்து நீர் சொட்ட, நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

செய்தது நான். ஜெனலினை விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னதை அவள் அப்படியே நம்பிவிட்டாள். சோதித்துப் பார்க்காமல் நம்புவது எங்கள் தொழிலில் பெரிய தவறு.