எப்புபாவில அவ கதைச்சது

ஓம் பிள்ளை, இவவின்ர கையில கிடக்கிற அந்தச் செப்புக் காப்பு ஆபிரிக்காவில போட்டது. நமீபியா. மகள் துஷாந்தினிக்கு அங்க வேலை, அவள்தான் வரச்சொல்லிக் கூப்பிட்டவள். இல்லையில்லை, நீர் கேட்டதில பிழையொண்டுமில்லை. இந்த பஸ் பியர்பொன்ட்ஸ் போய்ச் சேர இன்னும் கனநேரம் கிடக்கு, கதைச்சுக்கொண்டு போவம். இவ என்ர மனுசி, இந்திராதேவி. யன்னல் கிடைச்சால் வெளியில பாத்துக்கொண்டே வருவா.

ஓம், வருத்தம்தான். மறதி வருத்தம். முதல்ல பிரெஞ்சு போச்சுது, பேந்து இங்கிலீசு. கார்டெரியில, சின்னப்பிள்ளையளைப் பாக்கிற இடத்தில, வேலை செய்தவ. ஹெயிட்டிப் பிள்ளையள், அரபுப் பிள்ளையள், எல்லாத்தையும் தமிழிலதான் ஓராட்டுவா. அதுகளும் நித்திரையாகிடும். இப்ப வீட்டில வாய் திறக்கிறதே இல்லை.

எப்புபா எண்டு ஒரு அருவி. போற வழியெல்லாம் கல்லும் புழுதியும்தான். எமிலியானுஸ் எண்டு அந்தப் பக்கத்து ஆள் வாகனம் ஓட்டினவர். தண்ணியைக் காண முதலே சத்தம் கேக்கும். முகத்தில தூத்தல் பட்டோடன இவ சிரிச்சா. நான் அருவியைப் பாக்கேல்லை, இவவைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்.

அடுத்தநாள் ஹிம்பா ஆக்களின்ர இடத்துக்குப் போனம். பொம்பிளையள் செம்மண்ணையும் வெண்ணெயையும் குழைச்சு மேலெல்லாம் பூசியிருப்பினம், தலைமயிரிலயும்தான். மாட்டுப்பட்டிக்குக் கிட்ட ஒரு நெருப்பு. முன்னோரின்ர நெருப்பாம், குறுக்க போகக்கூடாது எண்டு எமிலியானுஸ் முதலே சொன்னவர். இவவுக்கு எங்க விளங்கப்போகுது? நேர நடந்திட்டா. ஒரு வயசான மனுசி ஓடிவந்தா. ஏசேல்லைப் பிள்ளை. கையைப் பிடிச்சு, நெருப்பைச் சுத்திக் கூட்டிக்கொண்டு போய்த் தனக்குப் பக்கத்தில இருத்தினா. அந்தக் காப்பும் அவ கழட்டிப் போட்டதுதான்.

அதில தொடங்கினா இவ. தமிழில கதைக்கிறா, அந்த மனுசி தன்ர பாஷையில மறுமொழி சொல்லுறா, கன்னத்தைத் தடவுறா. இவவின்ர முகமெல்லாம் அந்தச் செம்மண் சிவப்பு. துஷாந்தினி தள்ளிநிண்டு அழுதாள். ஒரு சொல்லுக்கு நாங்கள் வீட்டில ஏங்கிக் கிடக்கிறம், அங்க மழை மாதிரிக் கொட்டுது.

என்ன கதைச்சவவோ? அது... சும்மா. பொறும், இவ கண்ணயர்ந்திட்டாபோல.

கிட்டப்போய்க் கேட்டனான். அக்கா, என்ர மனுசனைக் கண்டனீங்களோ எண்டு கேக்கிறா. டோர்வலில எயார்போட்டில வேலை, போனவர் இன்னும் வரேல்லையாம். பேந்து என்ர பக்கம் கையைக் காட்டி, இந்த ஐயா நல்லவர், என்னைப் பத்திரமாக் கூட்டிக்கொண்டு திரியிறார், ஆனா அவர் வந்து கண்டால் என்ன நினைப்பாரோ எண்டு பயமாக் கிடக்கு எண்டா.

இவ என்ன கேக்கிறா எண்டு அந்த மனுசிக்கு அறியவேணும். எமிலியானுஸ் என்னைப் பாத்தார். இடம் நல்ல வடிவாம் எண்டு சொல்லச் சொன்னன்.

கண்ணைத் துடையும் பிள்ளை, எழும்பிப் பாத்தால் பயப்பிடுவா. எங்கட தரிப்பு வந்திட்டுது. எழும்புங்கோ அம்மா, மெதுவா. என்ர பேரோ? வேண்டாம் பிள்ளை, இவவுக்கு முன்னால நான் அந்தப் பேரைச் சொல்லுறேல்லை. காதில விழுந்தால், எங்க வாறார் எண்டு வாசல் பக்கம் பாக்கத் தொடங்கிடுவா.