இரண்டாவது அடுப்பையும் எண்ணிய இராயப்பனார்க்கு

மேல்மலைக் கூட்டுறவுச் சங்கக் கடையில் இருபத்தொன்பது ஆண்டுகள் மனேஜராய் வீற்றிருந்து இன்று ஓய்வுபெறும் திருவாளர் அ. இராயப்பன் அவர்களே! தராசு முள் தடுமாறினும் தாம் தடுமாறாத தகைமையாளரே! கோபத்தில் கொதித்தாலும் கொடுப்பதில் குறைவைக்காத கொற்றவரே! வணக்கம்.

எழுபத்து நான்கிலே கையில் காசிருந்தும் கடையில் மாவில்லை. கியூவில் நின்றவர்கள் நின்றபடியே மயங்கி விழுந்தார்கள். பின்பு வெளிநாட்டார் அரசுக்குக் கடன் கொடுத்தார்கள். மாவு, அரிசி மானியத்தை வெட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். மாவு மூட்டை கூரையைத் தொட்டது. விலையும் கூடவே ஏறிக்கொண்டது. அடடா, கியூ ஒழிந்ததென்று மேலிடத்துக்கு எத்தனை பெருமை! "வாங்க வழியிருக்கறவன்தானே கியூவுல நிப்பான்?" என்று தாங்கள் மேசையைத் தட்டினீர்கள். ஆயினும் அந்தக் கடனை ஒரேயடியாய்த் திட்டியதில்லை. "மாவு வந்துச்சுல்ல, அதையும் சொல்லணும்" என்பீர்கள்.

வெட்டிய மானியத்துக்கு ஈடாக, வருமானம் குறைந்த குடும்பங்கள் கடையில் கொடுத்து மாவு வாங்கிக்கொள்ள உணவு முத்திரை வந்தது. தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடாகிய லயத்தில், ஒரே காம்பராவில் கைம்பெண் காளியாயி மூன்று சிறு பிள்ளைகளோடும், அவள் மூத்த மகன் மனைவியோடும் இருக்க, எல்லோர் சம்பளத்தையும் ஒன்றாய்க் கூட்டி, வசதியான குடும்பம் என்று தள்ளிவிட்டார்கள். வசதியாம்! தாங்களோ கொட்டும் மழையில் லயத்துக்கே போய், "எத்தனை அடுப்பு?" என்று கேட்டு, அடுப்பு இரண்டு, ஆகவே குடும்பமும் இரண்டு என்றெழுதிக் கையொப்பமிட்டீர்கள். அது பொய்யென்றானால் தங்கள் வேலையும் போகும், காளியாயி பிள்ளைகளின் ரொட்டியும் போகும்.

விசாரிக்க உத்தியோகத்தர் வந்தார். பெரிய மனிதர் வருகிறாரே என்ற மரியாதையில், காளியாயி முதல்நாளே தன் அடுப்பின் சாம்பலையெல்லாம் அள்ளிக் கொட்டி, சாணமிட்டு மெழுகி வைத்திருந்தாள். சமைத்த அடையாளமே இல்லையே, குடும்பம் ஒன்றுதான் என்றெழுத அவர் பேனாவைத் திறந்தார். செய்த பிழை அப்போதுதான் விளங்கி, அவள் தங்களைப் பார்த்தாள்.

"அடுப்பத் தொட்டுப் பாருங்க ஐயா," என்றீர்கள். "ரெண்டு நாளா மாவில்லாத வீட்டுல சாம்பல் எங்கேருந்து வரும்? எரியாத அடுப்புக்குத்தானே முத்திரை கேக்கறோம்!"

அவர் தொட்டுப் பார்த்தார். தங்கள் கையொப்பத்தின் கீழே தம் கையொப்பத்தையும் இட்டார்.

முத்திரையின் மதிப்பு நின்ற இடத்திலேயே நிற்க, விலைவாசி மலையேறியதும் மெய்யே. முதல் வருடம் வாங்கிய மாவில் பாதிகூட இன்று அதற்கு வராது. அதையும் மேலிடத்துக்கு எழுதி எழுதித் தங்கள் பேனா தேய்ந்தது, பதில் வரவில்லை.

ஐயா! தங்கள் முழங்கால் வலி தீர்க! அம்மையார் தெரேசாவின் கைச்சோறு உண்டு நூறாண்டு நலமுடன் வாழ்க! இம்மடலை எழுத அமர்ந்தபோது காளியாயி கடைக்கு வந்தாள். "இந்த வருசந்தான் தோட்டத்துல பொம்பளைக்கும் ஆம்பளைக்குச் சமமா சம்பளம் குடுத்தாங்க. இப்ப சாம்பல் அள்ளி மாளலன்னு ஐயாவுக்கு எழுதிருங்க," என்றாள்.

எழுதிவிட்டோம்.

இங்ஙனம்,
தங்கள் திட்டுக்கு இனி ஏங்கப்போகும்
மேல்மலைச் சங்கக் கடை ஊழியர்கள்
டிசம்பர் 1984