கோளாறு இருக்கிறது என்று ஒரு கடிதம்

— இல்ல மேடம், இன்னொரு தடவை நல்லாப் பாருங்க. எங்கயாவது ஒரு சின்னக் கோளாறு இருக்கும்.

— மூணு தடவை பாத்தாச்சு சார். பட்டனைத் தொட்டதும் டக்குனு ஃபோகஸ் பிடிக்குது. எதிர் மாடியில காயுற சட்டையில எத்தனை பட்டன்னு எண்ணிரலாம்.

— ஐயோ.

— என்ன ஐயோ? ரிப்பேர் கடைக்கு வந்தவங்க லென்ஸ் நல்லாருக்குன்னா சிரிப்பாங்க. உங்களுக்கு முகம் தொங்குது.

— அது... சட்டை சும்மா தொங்குது மேடம். இது ஓடுறவங்களைப் பிடிக்கற லென்ஸ். ஓடும்போதுதான் காலை வாருது.

— அதையும் பாத்தேன். தெருவுல சைக்கிள்ல போன ஆளைப் பிடிச்சேன். சட்டைப் பையில இருந்த பேனா மூடி வரைக்கும் தெரியுது.

— மூடி கூடவா...

— சரி, வரிசையா வருவோம். பக்கவாட்டு சுவிட்ச் ஆட்டோவுல இருந்துச்சா, கையால திருப்பறதுல இருந்துச்சா?

— ஆட்டோதான்... ஆனா கை பட்டு மாறியிருக்கலாம்ல?

— மாறியிருந்தா எல்லாமே மங்கலா வந்திருக்கும். தூர சுவிட்ச்? கிட்ட இருக்கறதை விட்டுட்டு தூரத்துல மட்டும் தேடச் சொல்லுமே...

— ஆங்! அதேதான் மேடம். அதை எழுதிருங்க.

— அது ஆறு மீட்டருக்குள்ள இருக்கறதைத்தான் விடும். நீங்க எங்க நின்னீங்க?

— முடிவுக்கோட்டுக்கு நேரா... ஒரு முப்பது மீட்டர்.

— அப்ப அதுவும் இல்ல.

— தூசி? கேமராவுல மாட்டற இடத்துல புள்ளி புள்ளியா இருக்குமே, அதுல அழுக்கு சேந்தா...

— ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். துணியில ஒரு பொட்டு அழுக்கு இல்ல. பெத்த பிள்ளை மாதிரி வச்சிருக்கீங்க. வேற கேமராவுல மாட்டியும் பாத்தாச்சு.

— அதுலயாவது...?

— தங்கமா வேலை செய்யுது. மன்னிச்சுக்கோங்க. ஆமா, ‘எழுதிருங்க’ன்னீங்களே. என்ன எழுதணும்?

— ஒரு லெட்டர். லென்ஸ்ல கோளாறுன்னு, உங்க கடை முத்திரையோட. அஞ்சு மணிக்குள்ள எடிட்டர்கிட்ட குடுக்கணும். பத்திரிகையில விளையாட்டுப் பக்கத்துக்குப் படம் எடுக்கறேன் மேடம். நேத்து பள்ளிக்கூடப் பசங்க ஓட்டம்... பொண்ணுங்க நானூறு மீட்டர்... என்ன மேடம், ஏதோ விழுந்த சத்தம்?

— ஒண்ணுமில்ல, ஸ்க்ரூ ஒண்ணு கீழ விழுந்துருச்சு. பதினொரு வருஷ ரெக்கார்டை யாரோ ஒரு பொண்ணு உடைச்சாளாமே, அதுவா? பேப்பர்ல படத்தைத் தேடினேன். கோப்பையைப் போட்டிருந்தீங்க.

— கோப்பை நல்லா ஷார்ப்பா இருந்துச்சு மேடம்.

— கோப்பை ஓடலையே சார். அது சரி, எப்பவும் பாக்கற ரிப்பேர்காரரை விட்டுட்டு ஏன் இங்க வந்தீங்க?

— அவரு எடிட்டரோட மச்சான்.

— ஓ.

— லெட்டர் இல்லன்னா விளையாட்டுப் பக்கத்துலேருந்து தூக்கிருவாங்க. திறப்பு விழாவுக்குத்தான் போகணும். ரிப்பன் வெட்டறதை எடுக்கணும்.

— நல்லதுதானே. ரிப்பன் ஓடாது.

— கிண்டல் பண்ணாதீங்க அக்கா. மனசே சரியில்ல.

— மேடம் அக்கா ஆயாச்சா? சரி, கேமராவைக் குடுங்க. நேத்து எடுத்த படம் உள்ளதான இருக்கு?

— அது எதுக்கு... லென்ஸைத்தான...

— காய்ச்சல்னு வந்துட்டு நாக்கை நீட்ட மாட்டேன்னா எப்படி? குடுங்க.

— இந்தாங்க...

— முப்பத்தெட்டு படம். ஜெயிச்ச பொண்ணு எங்க?

— முன்னாடி. அந்த மங்கலா...

— இந்த வெள்ளையா? இதுவா? கையைத் தூக்கியிருக்கா போல. சிரிக்கறாளா அழறாளான்னு கூடத் தெரியல.

— பாத்தீங்கல்ல? லென்ஸ் அவளை விட்டுட்டு பின்னாடி போயிருச்சு. அதான் கோளாறு!

— தடுமாறற லென்ஸ்னா ஒரு படத்துல கூட்டத்தைப் பிடிக்கும், ஒரு படத்துல பலகையைப் பிடிக்கும். எங்க, அந்த சிவப்புக் கட்டத்தைப் போட்டுப் பாப்போம். எந்த இடத்துல ஃபோகஸ் வச்சீங்கன்னு கேமராவே காட்டிக் குடுத்துரும்.

— அதையெல்லாம் யாரும் போட்டுப் பாக்க மாட்டாங்க அக்கா...

— நான் பாப்பேன். முதல் படம்... கட்டம் ஆறாவது தடத்துல, பின்னாடி வர்ற குட்டைமுடிப் பொண்ணு மேல. ரெண்டாவது... அவ மேலதான். இருபதாவது... அவளேதான். ஜெயிச்சவ கோட்டைத் தாண்டிப் போயே போயிட்டா, கட்டம் அசையவே இல்ல! இவ கண் இமையை எண்ணலாம் சார். எத்தனாவதா வந்தா இவ?

— கடைசி.

— கடைசியா வந்தவளுக்கு முப்பத்தெட்டு படமா?

— என் பொண்ணு அக்கா. ‘நான் தோக்கறதை நீங்க பாக்கக் கூடாது, மைதானத்துப் பக்கமே வரக்கூடாது’ன்னு சத்தியம் வாங்கிருக்கா. அவங்க அம்மாவுக்கும் அதே சட்டம். பேப்பர்காரனா போனா கேக்க மாட்டா. மூஞ்சியை மறைக்க இவ்ளோ பெரிய லென்ஸ் இருக்கு. இந்தப் பக்கத்தை விட்டுத் தூக்கிட்டா அவ ஓடறதை நான் எப்படிப் பாப்பேன்?

— அதுக்காக ஜெயிச்சவளை விட்டுட்டீங்க.

— தப்புதான். முதல் ஆளை எடுக்கணும்னு தெரியும், விரல் கேக்கல. வீட்டுக்குப் போய் அழிச்சுரலாம்னு பாத்தேன், அதுவும் முடியல. ஆனா ஜெயிச்ச பொண்ணுக்கு என்ன அக்கா? அவ வீட்டு ஆளுங்களே நூறு படம் எடுத்திருப்பாங்க.

— எடுத்திருப்பாங்களா?

— பின்ன? அப்படி ஓடற பிள்ளையைப் பாக்க வராத அப்பா அம்மா இருப்பாங்களா?

— ...பேனாவை எங்க வச்சேன்...

— எழுதப் போறீங்களா!

— பொய் எழுத மாட்டேன். இந்த முத்திரை இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல. கேட்டுக்கோங்க. ‘இந்த லென்ஸை முழுமையாகச் சோதித்தேன். நேற்றைய பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் மீது இது ஃபோகஸ் ஆகவில்லை என்பது உண்மை. இனி இவ்வாறு நிகழாது.’

— கோளாறுன்னு ஒரு வார்த்தை மட்டும்...

— கோளாறு லென்ஸ்ல இல்லையே. எடிட்டர் எப்படி வேணாப் படிச்சுக்கட்டும்.

— ‘இனி நிகழாது’ன்னு எதை நம்பி எழுதினீங்க?

— உங்களை நம்பித்தான். முதல்ல வர்றவளுக்கு ஒரு படம், ஒண்ணே ஒண்ணு. அப்புறம் உங்க பொண்ணு பக்கம் திருப்பிக்கோங்க. அவ மெதுவாத்தான வர்றா, நேரம் நிறைய இருக்கு.

— சத்தியமா அக்கா! எவ்வளவு குடுக்கணும்?

— ஒண்ணும் வேணாம். இந்தப் பதினாலாவது படத்தைப் பெருசா பிரிண்ட் போட்டுக் குடுங்க, போதும்.

— இதுவா? இதுல என் பொண்ணு மட்டும்தான் தெளிவா இருக்கா. முன்னாடி முழுக்க மங்கல். இதை வச்சு நீங்க என்னக்கா பண்ணப் போறீங்க?

— வீட்டுல மாட்டுவேன் தம்பி. ‘கடையைப் பூட்ட முடியாதும்மா, நீ ஓடிட்டு வா, நாளைக்குப் பேப்பர்ல பாத்துக்கறேன்’னு நேத்து சொல்லி அனுப்பினேன். அந்த மங்கல் என் பொண்ணு.