முகம் மட்டும் மறைத்தேன்

உங்கள் ஸ்டேஷன் ஃபேன் நல்ல காற்று கொடுக்கிறது. சுற்றும்போது இறக்கையில் எழுதியிருப்பது தெரியாது. கரண்ட் போனால்தான் 'அன்பளிப்பு: இராஜமாணிக்கம், பட்டு ஜவுளி' என்று படிக்க முடியும். அதற்காகக் கழற்றிவிடாதீர்கள், மேடம். அக்னி நட்சத்திரம் இன்னும் முடியவில்லை.

என் பெயர் ஹேமநாத். ஆரணியில் 'கமண்டலம் டிவி' நடத்துகிறேன். பெயர்தான் டிவி, ஓடுவது யூடியூபில். கேமரா, எடிட்டிங், செய்தி வாசிப்பு எல்லாம் நானே. தேர் ஓடினால் இருப்பேன். குழாய் உடைந்தாலும் இருப்பேன். வீட்டுக்குள் பாம்பு வந்தால் வனத்துறைக்குச் சொல்வதற்கு முன்னால் எனக்குச் சொல்வார்கள்.

நான் ஒத்துழைக்கிற ஆள். லாவண்யா என்மீது கொடுத்திருக்கும் புகார் ஒன்றுதான்: பாலியல் புகார் கொடுத்த பெண் யார் என்று ஊருக்குத் தெரியும்படி செய்துவிட்டேன் என்பது. செய்தாயா என்றால், செய்தேன். ஏன் என்றால், கொஞ்சம் பேச வேண்டியிருக்கும்.

இராஜமாணிக்கம் ஐயாவை ஐயா என்றுதான் என் வாய் சொல்லும். பழக்கம். எங்கள் பகுதியில் பாதித் தறி அவர் பட்டில் ஓடுகிறது. கல்யாண மண்டபம் அவருடையது. கோயிலில் முதல் மரியாதை அவருக்கு. என் சேனலில் செய்திக்கு முன்னும் பின்னும் வரும் விளம்பரமும் அவருடையதுதான். நடுவில் போடுவதில்லை. அதில் நான் கறார்.

லாவண்யா அவருக்கு நெய்கிறவள். ஐயா பாவும் ஊடையுமாகப் பட்டு நூல் கொடுப்பார். அவள் வீட்டுத் தறியில் நெய்து, சேலையை அறுத்துக் கடைக்குக் கொண்டுவருவாள். கடைக்குப் பின்னால் ஓர் அறை. அங்கே சேலையை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, ஐயாவே குறை பார்ப்பார். பங்குனியில் ஒரு மத்தியானம் அந்த அறையில் அவர் கதவைத் தாழிட்டார் என்று அவள் சொன்னாள். மீதியை நீங்கள் அவள் வாயாலேயே எழுதி வாங்கியிருக்கிறீர்கள். நான் திரும்பச் சொன்னால் நாகரிகமாக இருக்காது.

ஐயாமீது புகார் பதிவானது ஊருக்குத் தெரிந்தது. கொடுத்தவள் பெயர் தெரியவில்லை. நீங்கள் சரியாக மறைத்து வைத்திருந்தீர்கள். அதற்காக உங்களைப் பாராட்டி ஒரு செய்தியும் போட்டேன்.

என்ன நடந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. இப்போது ஏன் என்றுதான் கேட்டார்கள். வைகாசி முகூர்த்தம் வருகிறது, இந்த நேரத்தில் ஏன். ஜவுளி வியாபாரிகள் சங்கத் தேர்தல் வருகிறது, இந்த நேரத்தில் ஏன். எந்த நேரத்தில் நடந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஆரணியில் அப்படி ஒரு மாதம் இல்லை.

மைக்கை எடுத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மக்கள் கருத்து. சடையன் என்று ஒரு சாயப்பட்டறைக்காரர். மகள் கல்யாணத்தை ஐயா மண்டபத்தில் செய்தவர். அவர் சொன்னார்: "ஐயா கைய நீட்டுனா குடுக்கறதுக்குத்தாங்க நீட்டுவாரு. எங்க தெருவுல கேட்டுப் பாருங்க." அதை மூன்று வீடியோவில் பயன்படுத்தினேன். பூ விற்கும் ஜெயம் அக்கா மட்டும் வேறு மாதிரி பேசினார். "ஏம்ப்பா, நான் அங்க இருந்தனா, நீ அங்க இருந்தியா? இன்னாத்துக்கு என் மூஞ்சில மைக்க நீட்டிகினு கீற? ஜல்தியா நவுரு, யாவாரம் கெடுது." ஆடியோ தெளிவாக இல்லை என்று அதை வெட்டிவிட்டேன். தெளிவாகத்தான் இருந்தது.

எங்கள் சேனல் எதையும் முடிவாகச் சொல்வதில்லை, மேடம். கேட்போம். 'பட்டு முதலாளி மீது புகார்: பின்னணியில் யார்?' 'சேலையில் குறை சொன்னதால் கோபமா?' 'தேர்தலுக்கும் இதற்கும் தொடர்பா?' கேட்பது பாவமா. கேள்வி கேட்பவன்மீது மானநஷ்ட வழக்குப் போட முடியாது என்று எங்கள் வக்கீல் சொன்னார். ஐயாவுக்கும் அவர்தான் வக்கீல்.

விவாதமும் வைத்தேன். வக்கீல், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், ஒரு பட்டிமன்றப் பேச்சாளர், ஒரு ஜோசியர். நான்கு பேரும் ஆண்கள் என்று எனக்கே உறுத்தியது. பெண் குரலும் வேண்டும் என்று ஐயாவின் மனைவியைக் கூப்பிட்டேன். "எங்க வூட்டுக்காரருக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாதுங்க" என்றார். அது எதற்குப் பதில் என்று யாருக்கும் புரியவில்லை, ஆனாலும் அரங்கத்தில் கைதட்டினார்கள். அரங்கம் என்பது ஐயாவின் மண்டபம்தான். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

பிறகு கருத்துக்கணிப்பு. யாரை நம்புகிறீர்கள்? ஐயாவை. நீதிமன்றத்தை. கருத்து இல்லை. இந்த மூன்றும் கொடுத்திருந்தேன். புகார் கொடுத்த பெண்ணை நம்புகிறோம் என்று ஒன்று போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஓட்டுப் போட்டவர்களுக்கும் தோன்றவில்லை. எல்லாம் நடுநிலையாகப் போய்க்கொண்டிருந்தது.

சிக்கல் அடியிலிருந்து வந்தது. வீடியோவுக்குக் கீழே, கமெண்டில். பூப்படம் வைத்த ஒரு கணக்கிலிருந்து ஒரு வரி: 'அந்த ரூம் எனக்கும் தெரியும்.' அதற்குக் கீழே இன்னொன்று: 'எனக்கும்.' சிரிப்புப் பொம்மை எதுவும் இல்லை. மறுநாள் இன்னும் இரண்டு பேர். ஒருத்தி தேவிகாபுரம் பக்கம் என்று எழுதினாள். கடைக்குச் சேலை எடுத்துப் போகும் பெண்கள் இனிமேல் துணைக்கு ஆள் கூட்டிப் போகிறார்களாம் என்று டீக்கடையில் பேச்சு வந்தது.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. பெயர் தெரியாத பெண் ஆபத்தானவள். அவள் யாராகவும் இருக்கலாம். உங்கள் தங்கையாக இருக்கலாம், பக்கத்துவீட்டு மருமகளாக இருக்கலாம். ஆண்கள் சாப்பிடும்போது மனைவியை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். பெயர் தெரிந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பெயர் தெரிந்த பெண்ணுக்கு மாமியார் இருப்பாள். பழைய சண்டை ஒன்று இருக்கும். யார் வண்டியிலோ ஒரு நாள் ஏறிப் போயிருப்பாள். ஊர் நிம்மதியாக அவளைப் பற்றிப் பேசலாம்.

ஐயா கூப்பிட்டார். "இன்னாப்பா ஹேமு, எம்பக்கமே போட்டுகினு இருந்தா ஊரு சிரிக்கும். அந்தப் பொண்ணுகிட்டயும் போய்க் கேளு. ரெண்டு பக்கமும் வரட்டும்."

"பொண்ணு யாருன்னு யாருக்கும் தெரியாதுங்களே."

"உனக்குத் தெரியுமே" என்றார்.

தெரியும். எப்படி என்பதற்கு வருகிறேன்.

லாவண்யா வீட்டில் அவள் மாமியார் பூங்காவனம் கதவைப் பாதி திறந்தார். "இன்னா வோணும்?"

"பேட்டிங்க அத்த. மருமவ பக்கத்து நியாயம் வெளிய வரணும்ல."

"இத்தினி நாளு எந்தப் பக்கத்து நியாயத்த போட்டுகினு இருந்த?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே இருந்து லாவண்யாதான், "வுடுங்க அத்த, வரட்டும்" என்றாள். புருஷன் அன்புச்செல்வன் செய்யாறு கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போயிருந்தான். அவள் தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மூஞ்சி தெரியாதுல்லண்ணா?"

"தெரியாதும்மா."

"கொரலு?"

"அதையும் மாத்திடுவேன்."

"என் வூட்டுக்காரருக்கு வேலை செய்யற எடத்துல பேஜாரு வரக்கூடாதுண்ணா. அதுக்குத்தான் இத்தினி நாளு வெளிய வாயத் தொறக்கல. கேஸு நிக்கணும், எங்க பேரு வரக்கூடாது. அவ்ளோதான்."

"நெய்ஞ்சுகினே பேசும்மா. கை ஓடிகினு இருந்தா பயம் வராது" என்றேன்.

அது நல்ல யோசனையாகத்தான் அவளுக்குப் பட்டது. ஊடை நூலோடு நாடா இடமும் வலமும் போய்வந்துகொண்டிருந்தது. அவள் நிதானமாக, ஒன்றுவிடாமல் பேசினாள். தினமும் அதே தறியில் உட்காருகிறவளுக்குத் தறி கண்ணில் படாது. நமக்கு நம் மூக்கு படாத மாதிரி. மாமியாருக்குத்தான் பட்டது. "தம்பி, தறிய எடுக்காத" என்றார். உடனே கேமராவை மேலே தூக்கினேன். எடுத்திருந்ததை அழிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.

நீங்கள் வெளியூர். அதனால் இதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் முதலாளி புது டிசைன் போட்டால் முதலில் ஒரே தறிக்குத்தான் கொடுப்பார். சேலை நன்றாக வந்து, வியாபாரிகள் கேட்ட பிறகுதான் அடுத்த தறிகளுக்கு டிசைன் துளையிட்ட அட்டை போகும். அதுவரை அந்த டிசைன் ஒரே ஒரு வீட்டில்தான் ஓடும். இந்தப் பருவத்துக்கு ஐயா போட்டது மாம்பழ நிறக் கரை. கரையில் தாமரைக்கொடி, கொடிக்கு நடுவே சின்ன மீன். அந்த மீன் எந்தத் தெருவில், எந்த வீட்டில் நீந்துகிறது என்று நெசவு தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கதவு எண்ணே தேவையில்லை.

ரெண்டு பக்கமும் வரட்டும் என்றுதான் ஐயா சொன்னார். மீனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மீன் என் யோசனை.

வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முகத்தை அவ்வளவு சுத்தமாக மறைத்திருந்தேன், பெற்ற தாய்க்கே தெரியாது. குரல் வாத்து பேசுவது போல் இருந்தது. கீழே 'பாதிக்கப்பட்டவரின் அடையாளம் மறைக்கப்பட்டுள்ளது' என்று சிவப்பு எழுத்து. அதற்குப் பின்னால் கரை, கொடி, மீன். போதுமான வெளிச்சத்தில்.

சாயங்காலத்துக்குள் அவள் தெருவில் வண்டிகள் மெதுவாகப் போக ஆரம்பித்தன. கமெண்டில், 'அந்த மீன் தறியா?' என்று ஒருவன் கேட்டான். 'ஆமா, புருஷன் ஷிப்ட்டு போற வூடு' என்று இன்னொருவன். 'அவளா? அப்ப சரி' என்று மூன்றாமவன். எது சரி என்று அவன் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பூப்படக் கணக்கு தன் வரியை அழித்துவிட்டது. மற்றவர்களும் அழித்துவிட்டார்கள். கம்பெனி பஸ்ஸில் யாரோ அந்த வாத்துக் குரலைச் சத்தமாகப் போட்டிருக்கிறார்கள். அன்புச்செல்வன் நடுவழியில் இறங்கி வீடுவரைக்கும் நடந்தே வந்தானாம். ஐயாவின் ஆட்கள் வந்து பாதிச் சேலையைத் தறியிலிருந்து அறுத்துக்கொண்டு போனார்கள். வேறு முதலாளிகள் அவளுக்குப் பாவு கொடுக்கவில்லை. அவர்கள்மீது தப்பில்லை, மேடம். எல்லாருக்கும் பின்னால் ஓர் அறை இருக்கிறது.

இதோடு அவள் புகாரை வாபஸ் வாங்குவாள் என்று எதிர்பார்த்தோம். நானே அதற்கு ஒரு தலைப்பு எழுதி வைத்திருந்தேன். அவள் வாபஸ் வாங்கவில்லை. இரண்டாவது புகார் கொடுத்தாள், என்மீது. அதில் சாட்சிக் கையெழுத்து அன்புச்செல்வனுடையது. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தவன் அவளைத் திட்டத்தான் போயிருப்பான் என்று நான் நினைத்தேன். எனக்கு ஆட்களைத் தெரியும் என்பது என் நம்பிக்கை. அந்த ஓர் ஆளிடம் தவறிவிட்டேன்.

இப்போது, எனக்கு எப்படித் தெரியும் என்பது. நேற்று என் கம்ப்யூட்டரை எடுத்து வந்திருக்கிறீர்கள். நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். செய்தியை யார் முதலில் சொன்னார்கள் என்பது எங்கள் தொழிலில் முக்கியம், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த மத்தியானம் நான் கடையில் இருந்தேன். முகூர்த்த விளம்பரம் எடுத்துக்கொண்டிருந்தோம். ஐயா சட்டைக் காலரில் சின்ன மைக் மாட்டியிருந்தேன். லாவண்யா சேலையோடு வந்தாள். "ஒரு நிமிஷம் ஹேமு" என்று ஐயா எழுந்து பின்னால் போனார். மைக்கைக் கழற்ற மறந்துவிட்டார். என் காதில் ஹெட்போன் இருந்தது.

முதலில் சேலை விரியும் சத்தம். பிறகு தாழ்ப்பாள். பிறகு அவள், "ஐயா, கதவத் தொறங்க." பிறகு அதையே இன்னும் உரக்க. ஒலி அளவு காட்டும் கோடு சிவப்புக்குப் போனது. நான் சத்தத்தைக் குறைத்தேன். குறைக்காவிட்டால் ரெக்கார்டிங் உடைந்துவிடும். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகச் செய்தது. கதவு எனக்குப் பத்தடி தூரம். எழுந்தால் ஒயர் இழுபடும் என்று உட்கார்ந்தே இருந்தேன்.

அவள் வெளியே வந்து என்னைப் பார்க்காமல் போனாள். ஐயா வந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டார். "எங்க வுட்டோம்?" என்றார்.

"உங்கள் வீட்டுப் பெண்களுக்காக-ன்ற எடத்துலங்க" என்றேன்.

ஒரே டேக்கில் முடித்தார். இப்போதும் ஓடுகிறது.

'வைகாசி விளம்பரம்' என்ற ஃபோல்டரில் அந்த ஆடியோ முழுசாக இருக்கிறது. அழிக்கவில்லை. நான் எதையும் அழிக்கிறவன் இல்லை. அதை அன்றைக்கே உங்களிடம் கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கொண்டுவந்திருக்கலாம். ஆனால் அதில் ஒரு இடத்தில் ஐயா, "கத்தாத லாவண்யா" என்கிறார். பெயர் வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் பெயர் வெளியே போகக் கூடாது என்பதில் நான் எப்போதும் கவனமாக இருப்பேன்.